முற்றாத ஆராய்ச்சியை முன்வைக்கலாமா?

1885 ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரம் உரையோடு அச்சிற் பதிந்து வெளிவந்தது. பதிப்பித்தவர், புத்தூருக்கு அயலூராகிய சிறுப்பிட்டியிலே 1832 ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. ஒன்பது இயல்களையுடைய அவ்வதிகாரம் முழுவதற்கும் உரைகண்டவர் நச்சினார்க்கினியர் என்றே அப்பதிப்புக் கூறிற்று. உண்மை அதுவன்று. அகத்திணையியல் முதலாக முன்னுள்ள ஐந்தியல்களின் உரை நச்சினார்க்கினியருடையது. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கியல்களுக்கு அங்கே அச்சாகியிருந்த உரையோ பேராசிரியருடையது. ஓர் உரையாசிரியரின் உழைப்பு, மற்றோர் உரையாசிரியரின் பெயரைத் தாங்கிக்கொண்டு தமிழுலகிலே உலாவிற்று.

இது சிறிய பிழையன்று. ஆயினும் அது பிழையென்று நாம் அறிந்ததற்குக் காரணம் யாது? நூல் அச்சேறியதேயாகும். ஏட்டிலே கிடந்தவரையிலும் அவ்வுரையை ஒருங்கே கண்டவர் மிகச் சிலர். அச்சேறிய பின்னர் அது மதுரைக்குச் சென்றது, சென்னைக்குச் சென்றது, கற்றார் பலர் கையிலும் தவழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழில், பின்னான்கியலுரை பேராசிரியருடையதே என்று இரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை பின்னர்த் தனியே அச்சாயிற்று. அதன்பின், 1943 ஆம் ஆண்டிலே, புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த வித்துவான் சி. கணேசையர் தம் உரைவிளக்கக் குறிப்புகளோடு பின்னான்கியலையும் பேராசிரியத்தோடு திருத்திக் கொடுக்க, ஈழகேசரி அதிபர் நா. பொன்னையா சுன்னாகத்தில் அதனை அழகுற அச்சிட்டார். பிழை பிறந்ததும் வலிகாமத்தார் ஒருவர் கையிலே. திருத்தம் நிறைவெய்தியதும் வலிகாமத்தார் ஒருவர் கையிலே. இடையிலே சென்றவை ஐம்பத்தெட்டு ஆண்டுகள்.

தாமோதரம்பிள்ளை, ‘ஐயம் முற்றத் தீர்ந்த பின்னரே வெளியிடுவேன்’ என்று இருந்திருப்பாராயின் என்ன நேர்ந்திருக்கும்? ஐயம் தீருமுன் ஏடு தீர்ந்திருக்கும். கையிலெடுக்கும்போதே ஓரம் உதிர்கின்ற ஏடுகளைக் குறித்து அவர் தம் பதிப்புரையிலே எழுதியிருப்பவற்றைப் படித்தோர் இதனை மிகைக்கூற்று என்னார்.

இப்பழங்கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. மாணாக்கர் தாம் செய்யத் தொடங்கியிருக்கும் ஆராய்ச்சியை, அது முற்றுப்பெறுமுன்னரே, எவரும் காணுமாறு வெளியிடலாமா என்னும் கேள்வி இன்று எங்கும் எழுந்திருக்கிறது. பல்கலைக்கழகத்திலே ஆய்வேடு எழுதுவோர் கேட்கின்றனர். பாடசாலையிலே செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகளுங் கேட்கின்றனர். முற்காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. அச்சகம் பணம் கேட்டது, இதழாசிரியர் தகுதி கேட்டார், இரண்டுமில்லாதவன் வாளாவிருந்தான். இன்று இணையத்திலே ஏற்றிவிடுவதற்கு ஒரு நாழிகையும் வேண்டாம். மேல்நாட்டு இயற்பியலாளர்கள் 1991 ஆம் ஆண்டிலேயே இதற்கு வழிவகுத்துக்கொண்டனர். போல் கின்ஸ்பார்க் என்னும் அறிஞர் அமெரிக்காவிலே தொடக்கிய ‘ஆர்க்கைவ்’ என்னும் களஞ்சியத்தில், அறிஞர் குழுவொன்று பரிசோதித்து ஏற்குமுன்னரே கட்டுரைகள் வைக்கப்படுகின்றன. பேராசிரியர் கட்டுரையும் அங்கே இருக்கும். பட்டம் பெறாத மாணவன் கட்டுரையும் அங்கே இருக்கும். அத்துறையிலே இப்போது அதுவே வழக்காறாயிற்று.

நம்முடைய பண்டிதர் உலகிலோ இதனைக் கேட்டவுடன் முகஞ் சுளிப்போரே மிகுதி. ‘பழுக்குமுன் பறிப்பதா?’ என்பர். இவ்வுவமையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒருமுறையும் ஒப்பியதில்லை. பழம் மரத்திலே தானே பழுக்கும். ஆராய்ச்சி, ஆராய்வான் ஒருவனுடைய நெஞ்சிலே தனித்துக் கிடந்து பழுப்பதன்று. இதனை நமக்குச் சொன்னவர் மேல்நாட்டார் அல்லர், நன்னூலாரே.

நன்னூற் பாயிரத்திலே மாணாக்கன் பாடங் கேட்கும் முறை கூறப்பட்டிருப்பதைப் பண்டித வகுப்பிற் படித்தோர் அனைவரும் அறிவர். அங்கே ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியன் உரைத்ததனை எத்துணைச் செவ்வையாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது புலமையிற் காற்பங்கே. உடன் கற்பாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சியிருக்கும் அரைப்பங்கு, தான் அறிந்ததைப் பிறர்க்கு விரித்து உரைக்கும்போதுதான் வந்து சேரும். இக்கணக்கை நாம் பரீட்சைக்காக மனனஞ் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். பிறர்க்கு உரைப்பது கற்று முடித்தவனுக்குரிய பதவி என்று நன்னூலார் கூறவில்லை. அது கல்வியின் உறுப்பு, அதிலும் பாதியுறுப்பு. அந்தப் பாதியை மாணவனுக்கு மறுத்துவிட்டு, ‘முழுப்புலமை பெற்றபின் வா’ என்பது, நீரில் இறங்காமலே நீந்தக் கற்றுக்கொண்டு வா என்பதுபோலாம்.

நம் முன்னோர் அரங்கேற்றம் என்று ஒன்று வைத்திருந்தனர். நூல் செய்தவன் அவைமுன் அதனை வாசிப்பான், அவையோர் தடை நிகழ்த்துவர், அவன் விடை கூறுவான், கூறமாட்டாதவிடத்துத் திருத்துவான். அரங்கேறிய பின்னரே நூல் நூலாயிற்று. இறையனார் களவியலுக்கு உரைகண்ட வரலாற்றிலும் இதே செய்தியைக் காண்கிறோம். சங்கப் புலவர் ஒவ்வொருவரும் தத்தம் உரையைச் சொல்ல, ஊமையாகிய உருத்திரசன்மன் இருந்து கேட்டான் என்பது அக்கதை. நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் கண்ணீர் வார்ந்தான் என்பதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மற்றையோர் உரைகளும் அவையிலே சொல்லப்பட்டன என்பதை மறந்துவிடுகிறோம். தள்ளப்படும் என்னும் அச்சத்தால் அவர்களெல்லாம் வாய்மூடி இருந்திருப்பின், நக்கீரர் உரையின் மேன்மையை எதனோடு ஒப்பிட்டு அறிவது? அந்நூலையும் 1883 ஆம் ஆண்டிலே பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளையே என்பது இங்கே நினைக்கத்தக்கது.

அவர் வாழ்க்கையை மாணாக்கர் கண்கொண்டு நோக்கினால் ஒரு முறை புலப்படுகிறது. சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டைச் செமினரியிலே மேல்நாட்டுக் கல்வியும் கற்று வெளிவந்தவர், இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு வெளியிட்டார். அப்போது அவர் பட்டதாரியல்லர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக அவர் தேறியது 1857 ஆம் ஆண்டிலே. இக்காலத்துக் கணக்கிலே சொன்னால், மாணவப் பருவம் முற்றக் கழியாத ஒருவர் தம் கன்னி முயற்சியை உலகத்தார் முன் வைத்தார் என்க. பின்னர் 1868 ஆம் ஆண்டிலே சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டபோது, ஆறுமுக நாவலரைக் கொண்டு பரிசோதிப்பித்தே அச்சேற்றினார். துணிவும் இருந்தது, தம்மினும் வல்லாரிடம் காட்டும் அடக்கமும் இருந்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையென்று எண்ணுவோர் அவருடைய பதிப்புரைகளைப் படிப்பாராக. குற்றங் கண்டோர் அறிவிக்க வேண்டுமென்றும், வேறு பிரதி உடையோர் உதவ வேண்டுமென்றும் அவர் கேட்கின்றார்.

ஓரிடத்திலே அவர் கூறும் காரணம் எனக்கு மிகவும் உவப்பானது. பெரும்புலவர்கள் இத்தொழிலிலே கைவைக்க அஞ்சுகிறார்கள். ஒரு பிழை நேர்ந்தாற் பெற்ற புகழ் போய்விடுமே என்பது அவர்கள் அச்சம். தமக்கோ அத்தகைய பட்டச்சுமை தலைமேல் இல்லை. ஆகவே இழப்பதற்கும் ஒன்றில்லை என்பது அவர் கருத்து. இதனை அவர் நகையாகச் சொன்னாரோ, நோவாகச் சொன்னாரோ, நான் அறியேன். ஆனால் மாணாக்கருக்கு இதனிலும் சிறந்த உரிமைப் பத்திரம் வேறில்லை. பிழைபடுவதற்கு மாணவனிலும் தகுதியுடையவர் யார்? ஐம்பது வயதுப் பண்டிதன் ஒருவன் அச்சிலே பிழைபட்டால், அதனை ஒப்புக்கொள்வதற்கு அவனுடைய பட்டங்கள் விடமாட்டா. இருபது வயதுப் பிள்ளை, ‘ஐயா, நன்றி; திருத்திக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

கணிதமேதை இராமானுசனை இங்கே நினைக்கிறேன். கும்பகோணத்தில் வளர்ந்து, கல்லூரித் தேர்விலே தோல்வியுற்று, சென்னைத் துறைமுகத்து அலுவலகத்திலே எழுதுவினைஞராக இருந்தவர் அவர். 1911 ஆம் ஆண்டிலே இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய முதற் கட்டுரை வெளிவந்தது. 1913 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாளிட்டு, கேம்பிறிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தம் முடிபுகளைத் தாள் தாளாக எழுதி அனுப்பினார். பல முடிபுகளுக்கு நிறுவல் இல்லை. பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் பிழையானவை. ஹார்டி இரண்டையும் கண்டார்: பிழையையும் கண்டார், பிழையோடு கூடி வந்த பெருமதியையும் கண்டார். நிறுவல்களெல்லாம் முற்றுப்பெற்ற பின்னரே அனுப்புவேன் என்று இராமானுசன் இருந்திருப்பின், அக்கடிதம் ஒருகாலும் தபாலிற் சேர்ந்திராது. எனினும் மாணாக்கர் மட்டும் இக்கதையைக் கேட்டாற் போதாது. ஆங்கிலேய அறிஞர் இருவர் அவருடைய தாள்களை முன்னரே பெற்றுப் பொருட்படுத்தாது விட்டனர் என்ற செய்தியை ஆசிரியர்களும் கேட்க வேண்டும்.

மறுபக்கத்தில் நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. முற்றாத முடிபு ஒன்று வெளியேறினால் அது தன்னைச் செய்தவன் கையை விட்டுப் போய்விடுகிறது. 2020 ஆம் ஆண்டுச் சனவரி மாதத்திலே, கொரோனா வைரசின் மரபணுத் தொடரைச் சீன ஆராய்ச்சியாளர் எவரும் காண வெளியிட்டனர். அதனைக் கொண்டு சில நாட்களுக்குள்ளேயே தடுப்பூசி வேலை தொடங்கிற்று. அதே மாதக் கடைசி நாளிலே தில்லியிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை, பரிசோதனை பெறாத நிலையிலே, இணையக் களஞ்சியம் ஒன்றில் வெளியாயிற்று. அவ்வைரசிலே எயிட்ஸ் நோய் வைரசின் சிறுபகுதிகளை ஒத்தவை காணப்படுகின்றன என்பது அதன் கூற்று. உலகெங்குமிருந்து அறிஞர் தடை எழுப்ப, எழுதியவர்களே இரண்டு மூன்று நாட்களுக்குள் அதனை மீளப்பெற்றுக்கொண்டனர். ஆராய்ச்சியாளருள்ளே பிழை விரைவில் திருந்திற்று. ஆனால் கட்டுரை போன வேகத்திலே திருத்தம் போகவில்லை. வதந்தி நெடுநாள் திரிந்தது. நோய், மருந்து, குடிநீர் ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சியிலே மாணாக்கர் தாமே முந்திக்கொண்டு வெளியிடுதல் தகாது. அங்கே பொறுப்பு வேறு. பிழையின் விலையைக் கொடுப்பவரும் வேறு. தமிழாராய்ச்சியிலே பிழையால் எவரும் உடனே சாவதில்லை.

இனி, களவு பற்றிய அச்சம். ‘என் உழைப்பை வேறொருவர் தம் பெயரிலே போட்டுக்கொண்டால் என்ன செய்வது?’ என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இது வீணச்சமன்று; பெரியோர் எனப்படுவோர் சிலர் இத்தொழிலிலே கைதேர்ந்தவர்கள். ஆனால் களவு எளிதாவது இருட்டிலேதான். ஒருவரிடம் மட்டும் இரகசியமாகக் காட்டிய கொப்பியைத் திருடலாம்; நாளும் பெயரும் இட்டு ஊரறிய வைத்ததைத் திருடுவது கடினம். என்னுடைய மாணாக்கருள் ஒருவன் பாடுபட்டுச் சேர்த்த ஒப்பாரிப் பாடல்களை, பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிச் சென்றவர் தம் நூலிலே சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் இங்கே வேண்டாம். வாசிகசாலைச் சுவரிலாயினும் அவன் முதலிலே அவற்றை ஒட்டி வைத்திருந்தால், ஊரே அவனுக்குச் சாட்சியாயிருந்திருக்கும்.

இவ்வச்சங்களெல்லாவற்றினும் பெரிதொன்று உண்டு. அது அழிவு. யாழ்ப்பாணத்தார்க்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே மாதத்து இறுதி இரவிலே தீக்கிரையான யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்திலே சுமார் 97,000 நூல்கள் இருந்தன. வேறிடத்திலும் பிரதி இருந்த நூலை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே பிரதியாய் இருந்தவை போனவை போனவையே. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு விட்டுப் புறப்பட்டபோது கையில் எடுத்தது உடுபுடவையும் அரிசியும் உறுதிகளுமே. அலுமாரியிற் கிடந்த குறிப்புக் கொப்பிகளை யார் எடுத்தார்? ‘இன்னும் சிறிது திருத்திவிட்டு வெளியிடுவோம்’ என்று வைத்திருந்தவை எத்தனையோ அப்படியே மடிந்தன.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் இவ்விடயத்திலே வழிகாட்டியாவர். தமிழின் சொற்பிறப்பை ஆராயும் ஒப்பியல் அகராதியை அவர் முற்றும் எழுதி முடித்த பின் வெளியிடக் காத்திருக்கவில்லை. 1938 ஆம் ஆண்டு முதலாகப் பகுதி பகுதியாக அச்சிட்டார். 1947 ஆம் ஆண்டிலே அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. ஆயினும் வெளிவந்த பகுதிகள் நம் கையிலே இருக்கின்றன. அவருடைய சொற்பிறப்புகளுள் எத்தனையோ இன்று ஒப்பப்படா. ஒப்பமாட்டேன் என்று சொல்வதற்காயினும் நூல் முன்னே இருக்க வேண்டுமன்றோ? அவ்வாறே, இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘இளங்கதிர்’ என்னும் ஆண்டிதழைப் புரட்டினால், மாணவர் தம் இளம் வயதிலே எழுதிய கட்டுரைகளைக் காணலாம். இன்று அவற்றுள் ஒன்றைத் தேடுவோர்க்கு, 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் கைகொடுக்கிறது. அச்சேறியதனால் அல்லவா அது கிடைத்தது? அச்சேறாத ஆய்வேடுகள் பல்கலைக்கழக அலுமாரியிலே கட்டுக்குள் உறங்குகின்றன. அவற்றை எழுதியவர்களே இன்று அவற்றின் பிரதிக்கு அலைகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் புத்தூரிலே நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். உயர்தர வகுப்பிலே படித்த மாணவி ஒருத்தி, துலா மிதித்து நீரிறைத்த காலத்துத் தோட்டச் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். செம்பாட்டு மண்ணிலே நீரிறைப்பு இயந்திரங்கள் வந்தபின் துலாக்கள் சாய்ந்தன. துலாவோடு வாழ்ந்த சொற்களும் சாய்கின்றன. துலா, துலாக்கொடி, ஆடுகால், பட்டை, தண்ணீர் மாறுதல் என்றிவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் அவள் கொப்பியில் இருந்தன. பல்கலைக்கழகம் சென்றபின் முறையாக ஆராய்ந்து வெளியிடுவேன் என்றாள். அதற்குள் அவளுக்குச் சொற்கள் சொன்ன முதியவருள் இருவர் காலமாயினர். அதன் பின்னர்த்தான் இருந்தவற்றை இருந்தபடியே எழுதி வாசிகசாலையிலே தொங்கவிடச் சம்மதித்தாள். தலைப்பிலே, ‘இது முடிந்த ஆராய்ச்சியன்று, பிழை கண்டோர் பக்கத்திலே எழுதுக’ என்று எழுதுவித்தோம்.

மூன்றாம் நாள் ஒரு முதியவர் வந்து, ஊன்றுகோலைச் சுவரிற் சாத்திவிட்டு, பட்டியலை வாய்விட்டு வாசித்தார். ஆடுகால் என்பதற்கு, துலாவின்மேல் நடப்பவரின் ஆடுகின்ற கால் என்று அவள் பொருள் எழுதியிருந்தாள். அவர் சிரித்தார். “பிள்ளை, ஆடுகால் ஆடாது. அது நட்டபடி நிக்கும். ஆடுறது துலாதான்,” என்றார்.

“அப்ப அப்பு, ஏன் அதுக்கு ஆடுகால் எண்டு பேர் வந்தது?”

“அதைத்தானே நீ ஆராயிறாய். என்னைக் கேட்டால்?”

துலாவைத் தாங்கும் தூண்களே ஆடுகால். ஆடுதற்கு இடமாய் நிற்கும் கால் என்று விரித்துக்கொண்டால் இலக்கணம் அமைகிறது. நிகண்டுகளையும் அகராதிகளையும் வைத்துக்கொண்டு நானும் அவளும் ஒரு கிழமை இருந்திருந்தால், இலக்கணம் அமையும், தூண் அகப்பட்டிராது. அப்பட்டியலின் ஓரத்திலே பதினைந்து நாட்களுக்குள் ஐந்தாறு கையெழுத்துகள் சேர்ந்தன. ஒன்று, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து. தன் பாட்டி சொன்ன சொல் என்று எழுதியிருந்தது.

வெளியிடுக என்றால் எப்படியும் வெளியிடுக என்பது பொருளன்று. முகநூலிலே இரவோடிரவாக, ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று முழங்குவதை நான் ஆராய்ச்சி வெளியீடு என்று கொள்ளேன். தான் கண்டது எது, கேட்டது எது, கருதியது எது என்று பிரித்து எழுதத் தெரிய வேண்டும்; முற்றாதது என்ற சொல்லும் நாளும் தலைப்பிலேயே இருத்தல் வேண்டும். தன்னினும் அறிந்தார் ஒருவரேனும் முன்னரே படித்திருத்தல் நன்று. சொல் தந்தவர், ஏடு தந்தவர், கதை சொன்னவர் ஆகியோரின் இசைவின்றி அவர் பெயரையோ வீட்டுச் செய்தியையோ வெளியிடல் ஆகாது. இவற்றுள் முதலாவதே கடினம். பண்டிதர்களுக்கே கடினமென்றால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா!

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியிலே இக்கடினம் நன்கு விளங்கும். மாணாக்கர்க்கு இதிலே தனி மோகம் உண்டு. புத்தூர் என்னும் பெயரையே எடுத்துக்கொள்க. புதுமை என்னும் பண்புப்பெயர் ஈறுகெட்டு, தன்னொற்று இரட்டி, ஊர் என்பதனோடு புணர்ந்தது என்பது இலக்கண வழி. தமிழ்நாட்டிலே திருப்புத்தூர், திருவில்லிபுத்தூர் முதலாகப் புத்தூர்கள் பலவுள. புதிதாய் அமைந்த குடியிருப்புக்கு இப்பெயர் எங்கும் இயல்பானது. புற்று நிறைந்த ஊர் புற்றூராய்ப் பின் புத்தூராயிற்று என்பாரும் உளர். தமிழ்நாட்டுப் பேச்சிலே றகர இரட்டை தகர இரட்டையாக ஒலித்தலால் அங்கே அது பொருந்தும்; யாழ்ப்பாணத்துப் பேச்சோ அவ்விரண்டையும் இன்றும் வேறுபிரித்து ஒலிக்கின்றது. ஆகவே இங்கே அம்முடிபு ஐயத்துக்குரியது. மூன்றாவதாக, புத்தன் ஊர் என்று கொள்வாரும் உண்டு. சோழன் நாடு சோழநாடு ஆதல்போல இறுதி கெடுதல் கூடுமாதலின், இலக்கணத்தை மட்டும் காட்டி இதனைத் தள்ளிவிட முடியாது.

இம்மூன்றாவதைக் கேட்டவுடனே சிலர் கொதிக்கின்றனர். வேறு சிலர் மகிழ்ந்து ஏந்திக்கொள்கின்றனர். இரு சாராரும் சான்றைக் கேட்பதில்லை. தொல்பொருட் செய்தி ஒவ்வொன்றும் காணி வழக்காக மாறிவிடும் இந்நாட்டிலே, ஓர் ஊர்ப்பெயரைப் பற்றி மாணவன் ஒருவன் எழுதும் நான்கு வரி எங்கே போய் எதற்குப் பயன்படும் என்று எவரும் சொல்லவியலாது. இதனாலேயே மாணாக்கர் வாயை மூடச் சொல்லும் ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுடைய அச்சத்தை மதிக்கிறேன். அவர்கள் கண்ட வழியை மதிக்கவில்லை. சான்றோடு எழுதத் தெரிந்த பிள்ளை வாய்மூடினால், சான்றின்றி எழுதுவோன் ஒருவனே பேசுவான். தமிழர் பௌத்தத்தைக் கண்டு நாணவேண்டியதும் இல்லை. வீரசோழியம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். அவ்விலக்கணத்தை 1881 ஆம் ஆண்டிலே பதிப்பித்தவர், சைவராகிய நம் சிறுப்பிட்டியார். சமயம் பார்த்து அவர் ஏட்டைத் தள்ளவில்லை.

முதியோர் கடனைப் பற்றி இரண்டு சொல். மாணவன் வெளியிட்டதைப் படித்து, ஓரத்திலே திருத்தம் எழுதத் தெரிந்தவர்கள் ஊருக்கு நால்வர் இல்லையென்றால், வெளியிட்டும் பயனில்லை. நம்மவர் பிழை கண்டால் நகைப்பர். இல்லையேல், ‘நல்ல முயற்சி’ என்று முதுகிலே தட்டிவிட்டுப் போவர். இரண்டும் ஒன்றே, இரண்டிலும் படித்ததற்கு அடையாளம் இல்லை. இராகவையங்கார் நகைக்கவும் இல்லை, முதுகில் தட்டவும் இல்லை. எங்கே, எதனால், எவருரை என்று எழுதினார்.

புத்தூர்ப் பெயர் பற்றிய மூன்று கருத்துகளையும், ஒவ்வொன்றற்கும் உள்ள சான்றையும் தடையையும் எழுதி, இவ்வாண்டு மாணாக்கர் இருவர் வாசிகசாலையிலே வைத்திருக்கின்றனர். முடிபு எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கின்றனர். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலே இவ்வூர்ப்பெயர் எவ்வெழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது என்பதை இன்னும் பார்க்கவில்லை. அதற்கு ஒழுங்கு செய்கின்றனர். பழைய காணியுறுதி, தருமசாதனம், கோயிற் கணக்கேடு ஆகியவற்றை வீட்டிலே வைத்திருப்போர், ஊர்ப்பெயர் வரும் வரியை மட்டும் பார்த்தெழுதி ஆண்டையும் குறித்து அனுப்பினால் அவர்களுக்குப் போதும். மூலப்பிரதியைக் கொடுக்க வேண்டியதில்லை. வாசிகசாலை மாலை நான்கு மணிக்குத் திறக்கும். பட்டியலின் பக்கத்திலே பென்சில் ஒன்று நூலிற் கட்டித் தொங்குகிறது.